ரியூசனுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் ஒரு மணி நேரம்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகன் தரம் 4, மகள் தரம் 9. இருவரும் தமிழ்மொழி மூலம் படிக்கிறார்கள். மகளுக்கு மூன்று ரியூசன், மகனுக்கு ஒன்று. அப்படியிருந்தும் போன தவணையில் மகளுக்குக் கணிதத்தில் 38 புள்ளிதான். கணவருக்குப் புறக்கோட்டையில் கடை வேலை. வீட்டுக்கு வர இரவு எட்டரை ஆகிவிடும். தான் சாதாரண தரம் (O/L) வரை படித்தவர் என்பதால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை என்கிறார். வீட்டில் என்ன செய்யலாம், பாடசாலைக்குப் போனால் ஆசிரியரிடம் என்ன கேட்பது, மகளை இன்னொரு கணித வகுப்புக்கும் அனுப்புவதா என்பவைதான் அவருடைய கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம், அம்மா. முடிந்தால் இருக்கும் மூன்றில் ஒன்றைக் குறையுங்கள். கொழும்பில் தமிழ்மொழி மூல வகுப்புகளில் ஆரம்பப் பிரிவிலும் பிறகு கணிதத்திலும் பல வருடங்கள் படிப்பித்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுகிறது. பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிட்டு மூன்றரைக்கு ஒரு வகுப்பு, அதை முடித்துக்கொண்டு பஸ்ஸிலோ ஓட்டோவிலோ வெள்ளவத்தைக்கு இன்னொரு வகுப்பு. திரும்பி வர ஏழரை. அப்புறம் குளியல், சாப்பாடு, நாளைக்குக் கொண்டுபோக வேண்டிய ஹோம்வேர்க். அந்த நாளில் மற்றவர்கள் சொல்வதைக் கேட்ட நேரம் எட்டு மணித்தியாலம் இருக்கும். தானாக உட்கார்ந்து யோசித்த நேரம் எவ்வளவு என்று பாருங்கள். பல பிள்ளைகளுக்கு அது பத்து நிமிடம்கூட இல்லை.

ரியூசன் சேர் கரும்பலகையில் கணக்கைச் செய்துகாட்டும்போது எல்லாம் விளங்கியதுபோல இருக்கும். பிள்ளை பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் உண்மையிலேயே விளங்கத்தான் செய்தது. ஆனால் விளங்குவதும் ஒரு வாரம் கழித்துத் தானாகச் செய்ய முடிவதும் வேறு வேறு. 2006 இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பாடப்பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் வாசித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மூடிவைத்து எழுதியவர்களுக்குத்தான் கூடுதலாக நினைவிருந்தது. தவணைப் பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. வாரங்கள், மாதங்கள் கழித்து வருகிறது.

ஆகவே வீட்டில் நீங்கள் காப்பாற்றிக் கொடுக்க வேண்டியது ஒரு மணி நேரத்தை. மகளுக்கு ஒரு மணி, மகனுக்கு அரை மணி போதும். அந்த நேரத்தில் யாரும் படிப்பிக்கக் கூடாது. இன்று பாடசாலையில் நடந்ததைக் கொப்பியை மூடிவைத்துவிட்டு ஒரு வெறுந்தாளில் எழுதட்டும். கணிதமென்றால், வகுப்பில் செய்த கணக்கு ஒன்றையே விடையைப் பார்க்காமல் முதலிலிருந்து செய்யட்டும். பிறகு கொப்பியைத் திறந்து தானே ஒப்பிடட்டும். விடுபட்டதை நிறப் பேனையால் சேர்க்கட்டும். மூன்று நாள் கழித்து அதே கணக்கை இன்னொரு தடவை. தனி அறை தேவையில்லை. உங்களுடையதுபோன்ற சின்ன வீடுகளில் நன்றாகப் படித்த பிள்ளைகள் பலர் குசினி மேசையில், அம்மா மரக்கறி வெட்டும் பக்கத்தில் இருந்து படித்தவர்கள்தான். ரீவியை நிறுத்த வேண்டும், போன் மற்ற அறையில் இருக்க வேண்டும். உங்களுடைய போனும்தான். ரீச்சர் வட்ஸ்அப்பில் ஹோம்வேர்க் அனுப்பியிருந்தால் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

உங்களுக்குப் பாடம் தெரியாதது இங்கே ஒரு குறையே இல்லை, சில நேரம் நல்லதும்கூட. சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 இல் தரம் 1, 2 பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணிதம் என்றாலே பதறும் பெற்றோர் அடிக்கடி கணித ஹோம்வேர்க்கில் உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த வருடம் கற்றுக்கொண்ட கணிதம் குறைவாக இருந்தது. பிள்ளைகளுக்கும் பதற்றம் தொற்றியிருந்தது. அதே அளவு பதறினாலும் அடிக்கடி உதவப் போகாத பெற்றோரின் பிள்ளைகளிடம் அந்தப் பாதிப்பு தெரியவில்லை. “எனக்கும் கணக்கு ஓடாது, உனக்கும் அதுதான் வந்திருக்கு” என்று அன்பாகச் சொல்வதும் பிள்ளையின் காதில் ஒரு தீர்ப்பாகத்தான் விழும். அதைச் சொல்லாதீர்கள். “எனக்கு இது தெரியாது, நீ செய்ததை எனக்குச் சொல்லு பார்ப்போம்” என்று கேளுங்கள். தெரியாத ஒருவருக்கு விளக்கும்போதுதான் தனக்கு எந்த இடத்தில் விளங்கவில்லை என்பது பிள்ளைக்கே பிடிபடும்.

இப்போது அந்த 38 புள்ளிக்கு வருவோம். மகளிடம் அந்த விடைத்தாளை வாங்கி மேசையில் விரியுங்கள். ஏசுவதற்கில்லை என்று முதலே சொல்லிவிடுங்கள். பிழையான ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் மகளே பென்சிலால் ஓர் அடையாளம் போடட்டும்: தெரிந்தும் அவசரத்தில் விட்டதா, பாதி தெரிந்து நடுவில் நின்றதா, ஒன்றுமே தெரியாததா. முதல் வகையே பத்துப் பதினைந்து புள்ளிக்கு வருவது அபூர்வமில்லை. அதற்கு ரியூசன் மருந்தாகாது. எழுதியதைத் திரும்பப் பார்க்கும் பழக்கம்தான் மருந்து. ஒன்றுமே தெரியாதவை எந்தப் பாட அலகுகளிலிருந்து வந்தவை என்று பார்த்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று அலகுகளில்தான் குவிந்திருக்கும்.

இரண்டாவது வகைதான் கவனமாகப் பார்க்க வேண்டியது. தரம் 9 இல் சமன்பாடு வராத பிள்ளைகள் பலருக்கு உண்மையில் வராதது தரம் 6, 7 இன் பின்னம். ஓர் எண்ணின் அரைவாசியையும் அதே எண்ணின் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் 5 வருகிறது, அந்த எண் என்ன என்ற கணக்கில் எத்தனையோ பிள்ளைகள் சமன்பாட்டைச் சரியாக எழுதிவிட்டுப் பின்னம் கூட்டும் இடத்தில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். விடை 6. மகளிடம் 3/4 ஐயும் 1/6 ஐயும் கூட்டச் சொல்லிப் பாருங்கள். 4/10 என்று எழுதினால், தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டுகிறாள் என்று அர்த்தம். அப்போது நீங்கள் விதி எதையும் சொல்லத் தேவையில்லை. “சரி, இதே மாதிரி 1/2 ஐயும் 1/2 ஐயும் கூட்டு” என்று சொல்லுங்கள். அவளுடைய முறைப்படி 2/4 வரும், அதாவது மறுபடியும் அரை. “அரை றாத்தல் பாணோடு இன்னொரு அரை றாத்தல் வாங்கினால் அரை றாத்தல்தானா வீட்டுக்கு வரும்?” என்று கேளுங்கள். அவள் சிரிப்பாள், பிறகு யோசிப்பாள். பகுதியெண் ஒன்றாக வந்த பிறகுதான் கூட்டலாம், 9/12 உம் 2/12 உம் சேர்ந்து 11/12 என்பது அதற்குப் பிறகு மண்டையில் ஏறும். சாதாரண தரம் வரை படித்த ஓர் அம்மாவால் இதைச் செய்ய முடியும். நாற்பது ஐம்பது பேரை வைத்துக்கொண்டிருக்கும் வகுப்பில் ஒரு சேரால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் செய்ய முடியாது.

பழைய இடத்துக்குத் திரும்பிப் போவதற்குப் பழைய புத்தகம் வேண்டும். தரம் 6, 7 கணிதப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டிருந்தால் கவலைப்படாதீர்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எல்லாத் தரப் பாடநூல்களும் தமிழில் இலவசமாக இருக்கின்றன. தேவையான அலகை மட்டும் பிரின்ட் எடுத்தால் போதும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் இருக்கின்றன. இந்த இடத்தில் ஒன்று மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 1980 இலிருந்து பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் பாடநூல் இன்றைக்குப் பல வீடுகளில் உறை போட்டபடி அலுமாரியில் கிடக்கிறது, படிப்பெல்லாம் ரியூசனில் அச்சடித்துக் கொடுக்கும் ரியூட்டில்தான் நடக்கிறது. ரியூட்டில் சுருக்கம் இருக்கும், விடை இருக்கும். ஒரு விடயம் ஏன் அப்படி என்ற விளக்கம் பாடநூலில்தான் இருக்கும். பரீட்சை வினாக்களும் அந்தப் பாடத்திட்டத்திலிருந்துதான் வருகின்றன. விஞ்ஞானமும் வரலாறும் படிக்கும்போதாவது முதலில் புத்தகம், பிறகு ரியூட் என்று வையுங்கள்.

மகனுக்கு வருவோம். அடுத்த வருடம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை என்று இப்போதே வீட்டில் பேச்சுத் தொடங்கியிருக்கும். மொடல் பேப்பர் கட்டை வாங்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். இன்று இரவு அவனுடைய தமிழ்ப் புத்தகத்தில் இன்னும் படிப்பிக்காத ஒரு பக்கத்தைத் திறந்து சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் திருத்த வேண்டாம், கேளுங்கள். சொற்களை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கிறானா? வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகிறதா? கடைசி எழுத்தை ஊகித்துச் சொல்கிறானா? வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடி “என்ன நடந்தது?” என்று கேளுங்கள். சொல்ல முடியாவிட்டால் அவனுக்குத் தேவை வாசிப்பு, பயிற்சி வினாத்தாள் இல்லை. புலமைப்பரிசிலில் இரண்டு வினாத்தாள். ஒன்றில் 40 வினா, ஒரு மணி நேரம்; மற்றதில் 60 வினா, ஒன்றேகால் மணி நேரம். நுண்ணறிவு வினாவாகட்டும் சுற்றாடல் வினாவாகட்டும், கேள்வியை வாசித்துப் பொருள் எடுக்கவே திணறும் பிள்ளைக்கு விடை தெரிந்தாலும் நேரம் போதாது.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஒரு பந்தியை நீங்கள் வாசியுங்கள், அடுத்த பந்தியை அவன் வாசிக்கட்டும். பிள்ளைக்குத் தானே வாசிக்க வந்துவிட்டது என்பதற்காக வாசித்துக் காட்டுவதை நிறுத்தாதீர்கள். நாங்கள் வீட்டில் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். அந்த நடையைக் காதால் நிறையக் கேட்ட பிள்ளைக்குத்தான் எழுதும்போது அது கையில் வரும். புத்தகம் வாங்கிக் கட்டுப்படியாகாது என்று நினைக்க வேண்டாம். விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் கொழும்புப் பொது நூலகம் இருக்கிறது, அங்கே தமிழ்ப் புத்தகங்களும் சிறுவர் பகுதியும் உண்டு. மாநகர சபையின் கிளை நூலகங்களும் இருக்கின்றன. வெள்ளவத்தைப் பக்கம் போனால் 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை போய் வரலாம். எந்தப் புத்தகம் என்பதை மகனே எடுக்கட்டும். படக்கதை எடுத்தாலும் விடுங்கள்.

புலமைப்பரிசில் எதற்கு என்பதையும் ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப் பணம், தரம் 6 க்கு வேறு பாடசாலை கேட்டுப் போக ஒரு வழி, இவ்வளவுதான். இப்போதைய பாடசாலையிலேயே தரம் 6 இருக்கிறது, அதில் உங்களுக்குத் திருப்தி என்றால் பத்து வயதுப் பிள்ளையை இரண்டு வருடம் வாட்டுவதற்கு ஒரு காரணமும் இல்லை. பயிற்சி வினாத்தாள் தரம் 5 இல் போதும். இந்த வருடம் வாசிப்பு, பெருக்கல் வாய்ப்பாடு, விளையாட்டு.

தூக்கம் இன்னொன்று. 6 முதல் 12 வயது வரை ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 9 முதல் 12 மணித்தியாலமும், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணித்தியாலமும் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016 இல் பரிந்துரைத்தது. உங்கள் பகுதியில் ஸ்கூல் வேன் ஆறேகாலுக்கு வாசலில் ஹோர்ன் அடிக்கும், அதற்கு ஐந்தரைக்கு எழும்ப வேண்டும். அப்படியென்றால் மகன் எட்டரைக்குப் படுக்க வேண்டும், மகள் ஒன்பதரைக்கு. பகலில் படித்தது மூளையில் பதிவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பதினொரு மணி வரை கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுதும் ஹோம்வேர்க் கொப்பியை நிரப்பும், வேறெதையும் செய்யாது. ரியூசன் ஒன்றைக் குறைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

அப்பா எட்டரைக்கு வருகிறார் என்றால் மகனை வார நாளில் பெரும்பாலும் பார்க்கவே கிடைக்காது. அவர் களைத்து வந்து “இன்றைக்கு என்ன படிச்ச? கொப்பியைக் கொண்டா” என்று கேட்டால் பிள்ளைகள் அந்த நேரத்துக்குப் பயப்படப் பழகிவிடுவார்கள். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையைக் கொடுங்கள். மகனைச் சந்தைக்குக் கூட்டிப்போகட்டும். விலையைக் கேட்டு, முக்கால் கிலோவுக்கு எவ்வளவு என்று மனதால் கணக்குப் பார்த்து, மீதிக்காசை எண்ணி வாங்குவது மகனின் பொறுப்பு. கடையில் வேலை செய்யும் அப்பாவுக்கு மனக்கணக்கு கைவந்த கலையாகத்தான் இருக்கும். அப்பா எந்த வழியில் இவ்வளவு கெதியாகக் கூட்டுகிறார் என்பதைப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கொழும்பில் சந்தைக்குப் போனால் சிங்களமும் தானாகப் பழகும். பாடசாலையில் இரண்டாம் மொழியாகப் படிப்பது வாய்க்கு வருவது கடைக்காரரோடும் பக்கத்து வீட்டாரோடும் பேசும்போதுதான். பஸ் போர்டை மூன்று மொழியிலும் வாசிக்கச் சொல்வதும் நல்ல விளையாட்டு. ஆங்கிலம் வர வேண்டும் என்று வீட்டில் தமிழைக் குறைக்காதீர்கள். உங்களுக்கு நன்றாக வரும் மொழியில்தான் பிள்ளையோடு ஆழமாகப் பேச முடியும். அப்படிப் பேசி வளர்ந்த பிள்ளைக்கு மற்ற மொழிகளும் இலகுவாக வரும்.

பாடசாலைக்குப் போவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முன்னேற்ற அறிக்கை கொடுக்கும் நாளில் மட்டும் போனால் ஆசிரியருக்கு உங்களோடு பேச இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. காலையில் வாசலில் மறித்துக் கேட்பதும் சரிவராது. முதல் நாளே கொப்பியில் ஒரு சின்னக் குறிப்பு எழுதி, பாடம் இல்லாத நேரம் எது என்று கேட்டுப் போங்கள். மகளின் விஷயத்தில் வகுப்பாசிரியரைவிடக் கணித ஆசிரியரைச் சந்திப்பதுதான் பயன். அந்த விடைத்தாளையும் கையோடு கொண்டுபோங்கள். “பிள்ளை எப்படி?” என்று கேட்டால் “பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் முயற்சி செய்ய வேணும்” என்றுதான் பதில் வரும், எந்த ஆசிரியரும் அதைத்தான் சொல்வார். “பின்னத்தில் இந்த இடத்தில் பிழை விடுகிறாள், வீட்டில் தரம் 7 புத்தகத்திலிருந்து செய்விக்கிறேன், வேறு எந்த அலகைப் பார்க்க வேணும்?” என்று கேளுங்கள். வகுப்பில் கேள்வி கேட்கிறாளா, எங்கே இருக்கிறாள், யாரோடு இருக்கிறாள், ஒப்படைகளை நேரத்துக்குக் கொடுக்கிறாளா என்று கேளுங்கள். இப்படிக் கேட்கும் பெற்றோரின் பிள்ளையை ஆசிரியர் அடுத்த நாள் வகுப்பில் ஒரு தடவை கூடுதலாகப் பார்ப்பார். நானும் அப்படித்தான் பார்த்தேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கும் போங்கள். அங்கே போகும் அம்மாமார் குறைவு. ஒழுகும் கூரை, கழிவறை, இன்னும் வராத ஆசிரியர் பற்றியெல்லாம் பேசுகிற இடம் அதுதான்.

ஆசிரியரோடு மனத்தாங்கல் வந்தால் அதைப் பிள்ளைக்கு முன்னால் பேச வேண்டாம். ஆனால் பிள்ளைக்கு அடி விழுகிறது என்றால் மௌனமாக இருக்கவும் வேண்டாம். பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. முதலில் பகுதித் தலைவர், பிறகு அதிபர். அதற்கும் சரிவராவிட்டால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம். வீட்டிலும் புள்ளிக்காக அடிக்காதீர்கள். அடி வாங்கிய பிள்ளை அடுத்த தவணை விடைத்தாளை ஒளித்துவைக்கப் பழகும், அப்புறம் எங்கே பிழை என்று பார்க்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

எந்த முடிவுக்கும் வருவதற்கு முன்னால் இருவருக்கும் கண்ணைச் சோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை “தெரியவில்லை” என்று சொல்லாது; எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவது, ரீவிக்குக் கிட்டப் போவது எல்லாம் அறிகுறி. காதும் அப்படித்தான். மகன் நன்றாகப் பேசுகிறான், கெட்டிக்காரன், ஆனால் இரண்டு மூன்று மாதம் தினமும் வாசித்தும் எழுத்துகள் மாறி மாறி வருகின்றன என்றால் அதைச் சோம்பல் என்று முடிவுகட்ட வேண்டாம். பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் காட்டலாம். வாசிப்புக் குறைபாடு இருக்கும் பிள்ளைகளுக்கு எவ்வளவு வேளைக்கு உதவி கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

மகளுக்கு இன்னொரு விஷயம் நெருங்கி வருகிறது. இப்போதுள்ள முறையில் சாதாரண தரத்துக்கு 9 பாடம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லாருக்கும் பொது. மற்ற மூன்றையும் தரம் 10 க்குப் போகும்போது ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒன்றாகத் தெரிய வேண்டும். வணிகக் கல்வியா புவியியலா, சித்திரமா சங்கீதமா தமிழ் இலக்கிய நயமா, தகவல் தொழினுட்பமா மனைப்பொருளியலா என்று பாடசாலை ஒரு படிவம் அனுப்பும். படிவம் வந்த இரவில் அவசரமாகக் கூடிப் பேசி, பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்ததையே எழுதி அனுப்பும் வீடுகள் நிறைய. நீங்கள் இப்போதே தொடங்குங்கள். தரம் 10, 11 பாடநூல்களை இணையத்தில் எடுத்து ஒவ்வொன்றிலும் ஓர் அத்தியாயத்தை மகள் வாசிக்கட்டும். பாடசாலையில் அந்தப் பாடத்துக்கு உண்மையில் ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பாடம் பட்டியலில் இருந்தும் படிப்பிக்க ஆள் இல்லாத பாடசாலைகள் உண்டு. உயர்தரத்தில் வர்த்தகப் பக்கம் போக ஆசை என்றால் வணிகக் கல்வி உதவும். மற்றபடி, அவளுக்கு எதில் மனம் போகிறதோ அதை எடுக்க விடுங்கள். சமையல் முடித்த பிறகு ஒரு நாள் அவளோடு அரை மணி நேரம் உட்கார்ந்து, எந்தப் பாடம் ஏன் பிடித்திருக்கிறது என்று அவளையே பேசவிட்டுக் கேளுங்கள். படிவத்தை அவளே நிரப்பட்டும், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்.